பச்சைக் கதவிலிருந்து பச்சைக் கதவு வரை

பச்சைக் கதவு வந்ததும் அத்தா ஓடத் தொடங்குவார். அன்ஸியா அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் விரைவாள்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் விடிகாலை சுபுஹுத் தொழுகை முடிந்து சனம் கலைந்திருக்கும் நேரம் அது. லாரிகள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். கிடங்கு வாசல்களில் ஆடுகள் கால் மடக்கிப் படுத்திருக்கும். சுக்கின் காரமும் காயலின் உப்பு வாடையும் கலந்து வீசும். அந்த ரோட்டில் படகுத்துறை முக்கிலிருந்து பள்ளிவாசல் முக்கு வரை அவளைப் பெற்ற அத்தா ரஷீது ராவுத்தர் எட்டு வைத்து அளந்திருந்தார். ஏறத்தாழ நானூற்றைம்பது மீட்டர். உம்ரா யாத்திரை போகிறவர்கள் மக்காவில் இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஏழு நடை நடக்க வேண்டும். ஒவ்வொரு நடையும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம். வழியில் பச்சை விளக்கு எரியும் பகுதி ஒன்று உண்டு. அங்கே ஆண்கள் மெல்லோட்டம் ஓட வேண்டும். பஜார் ரோட்டில் பச்சை விளக்குக்கு எங்கே போவது? பூட்டிக் கிடந்த இஞ்சிக் கிடங்கு ஒன்றின் கதவு பச்சை. அதைத் தாண்டி ஒரு கயிற்றுக் கடையின் கதவும் பச்சை. அந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவே அவர் ஓடிப் பழகினார்.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. ஆள் பார்வைக்கு ஒல்லி. அதனால் யாருக்கும் அவர் உடம்பைப் பற்றிச் சந்தேகம் வந்ததில்லை. முப்பது வருடமாக ஒரே இடத்தில் நின்று சம்பாதித்தவர். மிளகுக் கிடங்கில் மூட்டை எண்ணுவது அவர் வேலை. சுமைக்காரர்கள் இரண்டிரண்டு பேராகப் பலகையில் இறங்கி வருவார்கள். இரண்டு மூட்டை கடந்ததும் அவருடைய கட்டைவிரல் ஒரு விரல்கணு நகரும், உதடு "ஒண்ணு" என்று முணுமுணுக்கும். ஐம்பது வந்தால் நூறு மூட்டை. ஒற்றையாக எண்ணுகிறவன் தடுமாறுவான், ஜோடியாக எண்ணுகிறவனுக்குத் தப்பாது என்பது அவர் கட்சி. எண்ணும்போது முதலாளியே கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவார். பொறு என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் ஒரு மூட்டை தப்பியதில்லை என்று கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் அது இன்னும் நன்றாகத் தெரியும்.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் கிடங்கு மாடிப்படி ஏறியவர் பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. சுமைக்காரர்களின் தலைவர் சேவியர்தான் வந்து சொன்னார். அன்ஸியாவின் அம்மா ரபியா அன்றைக்கே அவரை டாக்டர் சுபாஷிணியின் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஜனவரி இரண்டாம் வாரம் இருவரும் உம்ராவுக்குப் புறப்பட வேண்டும். பயணக் குழுவில் பெயர் கொடுத்தாகிவிட்டது. இப்படி மூச்சு வாங்கினால் அங்கே எப்படி நடப்பது?

டாக்டர் பரிசோதித்துவிட்டு, ரத்தக் கொதிப்பு இருக்கிறது, உடம்புக்குப் பழக்கமும் இல்லை என்றார். தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நடையைச் சிறிதாகத் தொடங்கச் சொன்னார். முதல் வாரம் சமதரையில் பத்து நிமிடம் போதும், பிறகு வாரத்துக்குச் சில நிமிடம் கூட்டலாம். முதல் சில நிமிடமும் கடைசிச் சில நிமிடமும் மெதுவாக நடக்க வேண்டும். நெஞ்சிலோ தோளிலோ தாடையிலோ வலி, அழுத்தம் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு வந்து காட்ட வேண்டும். நடந்து முடித்ததும் நாடியை ஒரு நிமிடம் எண்ணலாம். இந்த மாத்திரை நாடியைத் தாழ்த்தி வைக்கும் என்பதால் நூற்றுப் பத்தைத் தாண்டவே கூடாது. டாக்டர் சொல்லச் சொல்ல அன்ஸியா ஒரு தாளில் வேகமாக எழுதிக்கொண்டாள். வேகமாக எழுத அவளுக்கு மலையாளம்தான் வரும்.

பள்ளிக்கூடம் முழுக்க அவள் மலையாளத்தில் படித்தவள். வீட்டில் பேசும் பாஷையை எழுதத் தெரியாமல் இருப்பது இருபத்திரண்டு வயதில் அவளுக்கு உறுத்தியது. அதனால் வாசகசாலை மாடியில் மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். விசாலாக்ஷி டீச்சர் எல்லோரையும் தமிழில் தினக்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார். அன்ஸியா அத்தாவின் நடையையே குறிப்பாக எழுதத் தொடங்கினாள். அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டாள். தேதி, நேரம், எத்தனை நடை, நாடி. டாக்டர் சொன்னவற்றை முதல் பக்கத்தில் வரிசை எண் போட்டுத் தமிழில் நகல் எடுத்தாள். எழுதிய ஒவ்வொரு வரியையும் நான்கு தடவை சரிபார்ப்பது அவள் வழக்கம். அப்படிப் பார்த்த பிறகும் எங்கோ பிழை விட்டிருப்போம் என்றே அவளுக்குத் தோன்றும்.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் போயிற்று. படகுத்துறை முக்கில் புறப்பட்டுப் பள்ளிவாசல் முக்கைத் தொட்டுத் திரும்புவார்கள். திரும்பி வந்ததும் அவள் போனில் நேரம் பார்த்து "தொடங்குங்க" என்பாள். அவர் கண்ணை மூடி, மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணுவார். ஒரு நிமிடம் ஆனதும் "மதி, போதும்" என்பாள். அவர் எண்ணைச் சொல்வார். ஐம்பத்தாறு. ஐம்பத்தெட்டு. மருந்துக் கடையில் கேட்டபோது, இந்த மாத்திரைக்கு நாடி அப்படித்தான் இறங்கும் என்றார்கள். அன்ஸியா எழுதிக்கொண்டாள்.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் நானே எண்ணிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். கொஞ்சம் யோசித்துக் கையை நீட்டினார். ஒரே நிமிடத்தில் இந்தக் கையில் அவளும் அந்தக் கையில் அவரும் எண்ணினார்கள். அவர் ஐம்பத்தொன்பது என்றார். அவளுக்கு நூற்றுப் பதினெட்டு வந்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார்.

"விரல் நடுங்கிச்சுன்னா அதையும் சேர்த்து எண்ணியிருப்பே, மோளே. எண்ணுறது என் வேலையாக்கும்."

அவள் விரல் நடுங்கியது உண்மைதான். நூற்றுப் பதினெட்டின் மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தில் ஐம்பத்தொன்பது என்று எழுதினாள். அதற்குப் பிறகு அவள் கையைக் கேட்கவில்லை.

எண் அவ்வளவு தாழ்வாக இருந்ததால் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. நாலாம் வாரத்தில் செய்ய வேண்டியதை மூன்றாம் வாரத்திலேயே செய்தார். பச்சைக் கதவுகளைக் கண்டுபிடித்ததும் அந்த வாரம்தான். டாக்டர் ஓடச் சொல்லவில்லையே என்று அன்ஸியா ஒரு முறை சொன்னாள். அறுபத்திரண்டுதானே வருது, நூத்திப் பத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கு என்று அவர் திருப்பிக் கேட்டார். அவள் ஏட்டைத் திறந்து பார்த்தாள். கட்டத்தில் அறுபத்திரண்டுதான் இருந்தது. ஆனால் கயிற்றுக் கடையை எட்டும்போது அவர் கழுத்து நரம்பு புடைத்துத் துடிப்பதை அவள் பார்த்தாள். காதுமடல் வெளிறிப் போவதையும் பார்த்தாள். பார்த்ததை எழுதக் கட்டத்தில் இடம் இல்லை.

அதிலிருந்து விடிகாலையில் அவளுக்குத் தானாகவே விழிப்பு வந்தது. அத்தா தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூ செய்யும் தண்ணீர்ச் சத்தம் கேட்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பாள். சத்தம் கேட்டதும் ஒரு நிம்மதி, அடுத்த நொடியே நடைக்குப் போக வேண்டுமே என்ற நடுக்கம். டீக்கடை வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் கீழே சேவியர் சாயா கிளாசோடு உட்கார்ந்திருப்பார்.

"என்ன ராவுத்தரே, விமானம் இப்பவே கிளம்பிடுச்சோ? பெட்டிய மறந்திட்டு ஓடுறீங்க" என்பார்.

அத்தா பதில் சொல்லமாட்டார். உள்ளங்கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அவருக்கு நடையையும் எண்ண வேண்டுமே. பேசினால் தப்பிவிடும். அவர் பேசாமல் நடப்பதை அன்ஸியாவும் சேவியரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் வாரம், புதன்கிழமை மாலை, விசாலாக்ஷி டீச்சர் குறிப்பேடுகளை வகுப்பிலேயே வாங்கிப் படித்துத் திருப்பிக் கொடுத்தார். அன்ஸியாவின் ஏட்டில் பிழைத் திருத்தம் மூன்றே இடத்தில் இருந்தது. கடைசியில் சிவப்பு மையில் ஒரு கேள்வி இருந்தது: 'முப்பத்து மூன்று நாள் சேர்ந்து நடந்திருக்கிறீர்கள். உங்கள் அத்தா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையா?'

டீச்சர் கேட்டது எழுத்தைப் பற்றி. வெறும் எண்ணாக இருக்கிறதே, ஆளைக் காணோமே என்பதுதான் அவர் குறை. அன்ஸியா மட்டும் அந்த வரியை இரண்டாம் தடவை படித்தாள். பேச்சைப் பற்றி டாக்டர் ஏதோ சொன்னார். என்ன சொன்னார்? முதல் பக்கத்தைத் திருப்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதற்கு அடுத்து ஆறு. நடுவில் ஒரு வரி அகலத்துக்கு இடைவெளி. அந்த இடைவெளியில் பிற்பாடு மருந்துக் கடையின் போன் நம்பரை எழுதி வைத்திருந்தாள். நாலு தடவை சரிபார்க்கிறவள், எழுதிய வரிகளை மட்டும்தான் சரிபார்த்திருக்கிறாள்.

மலையாளத் தாள் ஏட்டின் அட்டைக்குள்தான் செருகியிருந்தது. ஐந்தாவதாக இருந்ததை வகுப்பறை விளக்கடியில் நின்று படித்தாள். நம்பரை மட்டும் நம்ப வேண்டாம். நடக்கும்போது மூச்சு முட்டாமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம். உடனே குறைக்க வேண்டும். அந்த வரியைத் தமிழில் நன்றாக எழுத வரவில்லை, டீச்சரிடம் கேட்டு எழுதலாம் என்று இடம் விட்டது இப்போது நினைவுக்கு வந்தது. கேட்க வெட்கப்பட்டு நாளை நாளை என்று தள்ளியதும் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு நடந்து போகும்போதே ஏட்டைப் புரட்டினாள். இரண்டாம் வாரம். கோடு போட்டு அடித்த நூற்றுப் பதினெட்டு. பக்கத்தில் ஐம்பத்தொன்பது. தெருவில் நின்றுவிட்டாள். ஐம்பத்தொன்பதும் ஐம்பத்தொன்பதும் நூற்றுப் பதினெட்டு. ஒரு எண்ணிக்கை கூடவில்லை, குறையவில்லை. விரல் நடுங்கியிருந்தால் இப்படிச் சரியாக இரட்டிக்குமா? இல்லை, நாம்தான் ஒவ்வொன்றையும் இரண்டாக எண்ணிவிட்டோமோ? இன்று காலை நாடி அறுபத்தெட்டு. அதை இரட்டிக்கப் போன மனத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் அத்தா கட்டிலில் உட்கார்ந்து, உம்ராவுக்கு உடுத்த வேண்டிய வெள்ளைத் துணி இரண்டையும் மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நாளைக்கு ஏழு நடையும் முழுசாக நடந்து பார்க்கப் போவதாக ரபியாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்ஸியா மெல்ல, டாக்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு ஏழு நடக்கலாமே என்றாள். அடுத்த வாரம் பார்க்கத்தானே போகிறோம், ஏழு நடந்தேன் என்று போய்ச் சொன்னால் டாக்டருக்கும் சந்தோஷமாக இருக்கும் என்றார் அவர். எண்ணிக்கையைப் பற்றி வாய் திறக்க அவளால் முடியவில்லை. முப்பது வருடம் ஒரு மூட்டை தப்பாதவரிடம், உங்கள் எண் பாதி என்று எந்த முகத்தோடு சொல்வது? தான் சொல்வது தப்பாக இருந்தால்?

அத்தா இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே எழுந்தார். டாக்டர் சொன்ன தோள் வலி அவளுக்கு நினைவுக்கு வந்தது. தோளில் என்ன என்று கேட்டாள். ஒருக்களித்துப் படுத்திருப்பேன், நாலஞ்சு நாளா அப்படித்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு அவர் தொழப் போய்விட்டார். அவர் வரும் வரை வாசலிலேயே நின்றாள். வந்ததும் நாளைக்கு வேண்டாம் அத்தா என்று நேராகச் சொன்னாள். அவர் அவள் தலையில் கை வைத்து, பயந்தாங்கொள்ளி, உங்கம்மா மாதிரியே என்றார்.

மறுநாள் முதல் நடை. அவள் வழக்கமாக ஒரு எட்டு பின்னால் வருவாள். அன்றைக்குத் தோளோடு தோள் ஒட்டி நடந்தாள். பேச்சுக் கொடுத்தாள். அம்மாவுக்கு எந்தச் செருப்பு வாங்குவது என்று கேட்டாள். உள்ளங்கை உயர்ந்தது. இரண்டாம் நடையில் மறுபடி கேட்டாள். உள்ளங்கை. பச்சைக் கதவு வந்தது, ஓடினார், அவளும் கூட ஓடினாள். அவளுக்கே மூச்சு வாங்கியது, ஆனாலும் அவளால் பேச முடிந்தது. மூன்றாம் நடையில் அவர் மூச்சு, ஓலைக்கீற்றை இழுத்துக்கொண்டு போவது போலச் சத்தம் போட்டது. ஓட வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். உதறிவிட்டு ஓடினார்.

நான்காம் நடையில் இஞ்சிக் கிடங்கின் பச்சைக் கதவைத் தாண்டியதும் அவர் காலடி ஒன்று பக்கவாட்டில் போனது. உடனே நேராக்கிக்கொண்டார். அன்ஸியா அவருக்கு முன்னால் போய் நின்று வழியை மறித்தாள். பிறந்ததிலிருந்து அவள் அப்படிச் செய்ததில்லை.

"இன்னிக்கு என்ன கிழமை, அத்தா?"

உள்ளங்கை உயர்ந்தது.

"கையக் காட்டாதீங்க. வாயால சொல்லுங்க. என்ன கிழமை?"

"வி..." என்றார். மூச்சு உள்ளே போனது. "வியா..." என்றார். மறுபடி மூச்சு. மீதிச் சொல் வரவே இல்லை.

எதிரே டீக்கடையில் சேவியர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அன்ஸியா அத்தாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுடைய விரல் நடுங்கவில்லை. ஏன் நடுங்கவில்லை என்று பின்னால் பல நாள் யோசித்திருக்கிறாள்.

"நீங்க அந்தக் கையில எண்ணுங்க. எனக்குக் கேட்கிற மாதிரி எண்ணுங்க."

அவர் கண்ணை மூடினார். அவள் தன் விரலுக்கடியில் ஒவ்வொரு துடிப்பு வரும்போதும் செருப்பு நுனியால் தரையைத் தட்டினாள். தட், தட். "ஒண்ணு" என்று அத்தாவின் உதடு அசைந்தது. தட், தட். "ரெண்டு." தட், தட். "மூணு." கட்டைவிரல் விரல்கணுவில் ஏறி ஏறிப் போனது. கிடங்கு வாசலில் நிற்பது போலவே நின்று, இரண்டிரண்டாகக் கடந்து போகிறவற்றை அவர் ஜோடியாக எண்ணிக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணு" என்றபோது கண்ணைத் திறந்து அவள் செருப்பைப் பார்த்தார். அது தட்டிக்கொண்டே இருந்தது. தட், தட். அவர் உதடு அசையவில்லை. தட், தட். தன் விரல்களை யாருடையவோ போலப் பார்த்தார்.

"ராவுத்தரே" என்றார் பக்கத்தில் வந்துவிட்ட சேவியர், மெதுவாக. "அது எங்களை எண்ணுற எண்ணாச்சே."

அத்தா கிடங்குப் படியில் உட்கார்ந்தார். நெற்றி வேர்வை சொட்டியது. தொட்டால் குளிர்ந்திருந்தது. தோள் என்று ஒரே ஒரு சொல் சொன்னார். அதற்குள் சேவியர் ரோட்டின் நடுவே நின்று ஓர் ஆட்டோவை மறித்திருந்தார்.

பாலம் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க அன்ஸியா அத்தாவின் மணிக்கட்டை விடவில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்தது வருமா என்று காத்திருந்தாள். எண்ணவில்லை. எண்ண அவளுக்குப் பயமாக இருந்தது. சிக்னலில் ஆட்டோ நின்றபோது இஞ்சின் அதிர்வில் நாடி கையில் படாமல் போய்விட்டது. அவள் விரலை மாற்றி மாற்றி வைத்துத் தேடினாள். சேவியர் முன் சீட்டிலிருந்து திரும்பி, கண் திறந்துதான் இருக்கார் மோளே, பாரு என்றார்.

உள்ளே கொண்டு போனார்கள். கதவு மூடிக்கொண்டது. ரபியா வந்து சேர்ந்தாள். தலைத்துணியைச் சரியாகச் சுற்றக்கூட இல்லாமல் வந்திருந்தாள். என்ன ஆச்சு என்று அவள் கேட்டபோது அன்ஸியா ஒரு வரி எழுதாமல் விட்டுட்டேன் அம்மா என்றாள். ரபியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் எழுந்தார்கள். வேறு யாரையோ கூப்பிட்டுவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. அன்ஸியாவின் மனத்தில் ஒரே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்து மூன்று நாள். ஒரு நாள் கேட்டிருந்தால் போதும். முப்பத்து மூன்று முறை கேட்காமல் இருந்திருக்கிறாள்.

மத்தியானத்துக்கு மேல்தான் அங்கிருந்த டாக்டர் வந்து பேசினார். மாரடைப்பு இல்லை. ஆனால் இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய் ஒன்று குறுகியிருக்கிறது. மருந்தில் சமாளிக்கலாம் என்றுதான் தோன்றுகிறது, இன்னும் சில பரிசோதனை பாக்கி. எப்படி நடந்தார், எவ்வளவு நடந்தார் என்று கேட்டார். அன்ஸியா ஏட்டை நீட்டினாள். அவர் நாடி என்ற கட்டத்தைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிப் படியுங்கள் என்றாள். அவர் கடைசிப் பக்கம் வரை போனார். நேற்றையதில் விரல் நின்றது.

"ஏழு வரைக்கும் விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்லலை" என்றார். "நாலோட நிறுத்தினீங்க. அது போதும்."

ஜனவரிப் பயணம் கூடாது என்பதையும் அவரே சொன்னார். அதை அத்தாவிடம் சொல்லும் வேலை ரபியாவுடையதாயிற்று. அன்ஸியா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அவர் கேட்டுக்கொண்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அன்ஸியா தலைமாட்டுக்குப் போய் ஏட்டின் முதல் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். நான்குக்கு அடுத்து ஆறு வருவதைக் காட்டினாள். நான்தான் எழுதாமல் விட்டேன் என்றாள். அடித்துவைத்த நூற்றுப் பதினெட்டையும் காட்டினாள்.

அவர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"எழுதினது நீ" என்றார். "எண்ணினது நான். இதை அடிக்க வெச்சதும் நான்."

ஏட்டை மூடிக் கொடுத்துவிட்டு வேறொன்றும் சொன்னார். விரல்கள் தன்னை ஏமாற்றும் என்று அவருக்குத் தெரியாதாம். இனிக் கிடங்கில் நிற்கவே பயமாக இருக்கிறது என்றார். அத்தாவும் பயப்படுவார் என்பது அன்ஸியாவுக்குப் புதிது. அது அவள் பயத்தைக் குறைக்கவில்லை.

பயணக் குழு ஜனவரியில் அவர்கள் இல்லாமலே போய்விட்டது. ரபியா வெள்ளைத் துணிகளை நடுவே கிராம்பு வைத்து மடித்து அலமாரியில் ஏற்றினாள். அவளை மட்டும் போகச் சொல்லி அவர் வற்புறுத்தினார். சேர்ந்து போனால் போவது, இல்லையென்றால் இல்லை என்று முடித்துவிட்டாள். மழைக்காலம் கழிந்து ஒரு குழு போகிறது. அதற்குள் உடம்பு தேறினால் பார்க்கலாம், ஏழு நடையைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தும் நிறைவேற்றலாம், அதற்கு அனுமதி உண்டு என்று பள்ளிவாசல் உஸ்தாது வந்து சொன்னார். அத்தா அலமாரியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

பிப்ரவரியில் டாக்டர் சுபாஷிணி நடையை மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். சமதரையில் பத்தே நிமிடம். ஓட்டம் கிடையாது. நாடியை எண்ணவே வேண்டாம் என்றார். நடக்கும்போதெல்லாம் அவர் பேசிக்கொண்டே வர வேண்டும், பேச்சு அறுந்தால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் மருந்து என்றார். அன்ஸியா புதிய ஏடு வாங்கினாள். கட்டம் போட்டாள். நாடி என்று இருந்த இடத்தில், பேசியது என்று எழுதினாள். டாக்டர் சொன்னவற்றை எழுதிய பக்கத்தில் ஐந்தாவதை முதலாவதாக எழுதினாள்.

அவருக்குப் பேசத் தெரியவில்லை. முதல் நாள் என்ன பேசறது என்று கேட்டார். அதையே ஏட்டில் எழுதினாள். இரண்டாம் நாள், ஆடு எல்லாம் எங்கே போச்சு என்றார். மூன்றாம் நாள் சுக்கில் நல்லதும் மட்டமும் பார்ப்பது எப்படி என்று ஆரம்பித்து, பத்து நிமிடமும் அதிலேயே போயிற்று. அந்தப் பத்து நிமிடத்தில் அவர் மூச்சு எடுக்க நிறுத்திய இடங்கள் எல்லாம் அவளுக்குத் தனித்தனியாகத் தெரியும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே அவள் நடையைத் தளர்த்துவாள். டீக்கடையில் சேவியர் எழுந்து நின்றுகொண்டே சாயா குடிக்கிறார், உட்காருவதில்லை. முதல் பச்சைக் கதவுக்கு நாலு கடை முன்னாலேயே இருவரும் திரும்பிவிடுவார்கள்.

எட்டாம் நாள். காயலில் முதல் படகு வந்த கதையை அவர் சொல்லிக்கொண்டு வந்தார். பாதியில் பேச்சு நின்றது.

அன்ஸியாவும் நின்றாள். அவர் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. அவர் கையைத்தான் பார்த்தாள். உள்ளங்கை பாதி உயர்ந்து, அப்படியே காற்றில் நின்றது. "அத்தா" என்றாள். 

முன்னால் ஒரு கிடங்கு நேரத்தோடு திறந்திருந்தது. லாரியிலிருந்து சுமைக்காரர்கள் இருவர் தலைமூட்டையோடு பலகையில் இறங்கி அவர்களுக்குக் குறுக்கே போனார்கள். அவர் கட்டைவிரல் முதல் கணுவில் போய் ஒட்டியது. அங்கிருந்து, யாரோ பிடித்து இழுத்தது போலத் தயங்கி, அடுத்த கணுவுக்கு நகர்ந்தது.

"ரெண்டு" என்றார், இரண்டு மூட்டைக்கு.

பிறகு கையை இறக்கிவிட்டு, எங்கே விட்டேன், படகு என்று கதையைத் தொடர்ந்தார். அன்ஸியா உள்ளே போகும் இரண்டு மூட்டைகளையும் பார்த்து நின்றாள். அவர் குரல் கேட்கும் தூரத்திலிருந்து விலகுவதற்குள் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள்.